ஓவர்க்ளாக் செய்த கணினி எங்கே சரிகிறது: அறிகுறி பார்த்து மின்னழுத்தம் தேடும் வழிமுறை

ஓவர்க்ளாக் செய்த கணினி, அதாவது சிப்பை அதன் இயல்பு வேகத்துக்கு மேல் ஓடவைத்த கணினி, ஒரு தடவை நீலத்திரை காட்டிவிட்டால், பயாஸுக்குள் (மதர்போர்டின் அமைப்புத் திரை) போய்க் கோர் மின்னழுத்தத்தை (சிப்பில் கணக்குப் போடும் பகுதிகளான கோர்களுக்குப் போகும் மின்னழுத்தம்) இன்னொரு படி ஏற்றிவிட்டு வருவதே பலரும் செய்கிற முதல் வேலை. சில வேளை அது பலித்துவிடும். பலிக்காதபோது, கோளாறு ரேமிலோ மின்சுற்றின் அமைப்பிலோ ஒளிந்திருக்க, ஏற்றிய மின்னழுத்தம் சூட்டை மட்டும் கூட்டிவிட்டு, அடுத்த சரிவுக்கான காரணத்தையும் சேர்த்துக் குழப்பிவிடும். கணினி சரிந்தது என்பதைவிட எந்த நேரத்தில் சரிந்தது என்பதே முக்கியம். சுமை ஏறும்போதா, சுமையின் நடுவிலா, சுமை இறங்கும்போதா, சும்மா கிடக்கும்போதா என்று முதலில் பிரித்துக்கொண்டால், எந்த எண்ணைத் தொட வேண்டும் என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும்.

எடுத்துக்காட்டுக்கு 2017 இறுதியில் வந்த இன்டெல் கோர் ஐ7-8700கே சிப்பை எடுத்துக்கொள்கிறேன். 6 கோர், 12 த்ரெட் (ஒரே நேரத்தில் ஓடும் பணி இழைகள்). எல்லாக் கோர்களும் சுமையில் இருக்கும்போது இன்டெல் தரும் வேகம் 4.3 கிகாஹெர்ட்ஸ். 100 மெகாஹெர்ட்ஸ் அடிப்படை வேகத்தைப் பெருக்கும் எண்ணான மல்டிப்ளையரை 50 ஆக்கி, 5.0 கிகாஹெர்ட்ஸில் நிறுத்துவது நம் இலக்கு. எண்கள் மற்ற சிப்புகளுக்கு மாறும். அறிகுறிகளைப் படிக்கும் முறை பெரிதாக மாறாது.

தொடங்கும் முன்

ரேமை இயல்பைவிட வேகமாக ஓட்டும் எக்ஸ்எம்பி அமைப்பை அணைத்து, ரேமை இயல்பு வேகத்தில் விட்டுவிடுங்கள். சிப்புக்குள் இருக்கும் கேஷ் நினைவகத்தின் மல்டிப்ளையரையும் தொட வேண்டாம். கோர் மின்னழுத்தத்தை நிலையான முறையில் 1.250 வோல்ட்டுக்கு வைத்து, மல்டிப்ளையரை 47-இலிருந்து ஒவ்வொன்றாக ஏற்றுங்கள். ஒரு நேரத்தில் ஒரே ஒரு எண்ணைத்தான் மாற்ற வேண்டும். மாற்றியதைத் தாளில் எழுதிவைக்க வேண்டும். இந்த ஒழுங்கை அலட்சியம் செய்து மூன்று எண்களை ஒன்றாக மாற்றியவர்கள், எது சரிசெய்தது என்று தெரியாமலேயே மாதக்கணக்கில் ஓட்டுவதை நிறையப் பார்த்திருக்கிறேன்.

இந்தச் சிப் 100 டிகிரியில் தானாக வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். சோதனையில் 85-ஐத் தாண்டினால் நான் நிறுத்திவிடுவேன். அன்றாடப் பயன்பாட்டுக்கு 1.35 வோல்ட்டை என் எல்லையாக வைத்திருக்கிறேன். ஒரே மாடலில் அடுத்தடுத்து வாங்கிய இரண்டு சிப்புகள்கூட ஒரே வேகத்துக்கு வெவ்வேறு மின்னழுத்தம் கேட்கும் என்பதால், இன்னொருவர் தந்த எண்ணைத் தொடக்கப் புள்ளியாக மட்டும் கொள்ள வேண்டும்.

அறிகுறி: திரையே வரவில்லை, அல்லது விண்டோஸ் ஏறும் முன்பே திரும்பத் திரும்ப மறுதொடக்கம் ஆகிறது

மின்னழுத்தம் மிகவும் குறைவாக இருக்கிறது, அல்லது கேட்ட வேகம் இந்தச் சிப்புக்கு எட்டாதது. மதர்போர்டு சில முறை முயன்றுவிட்டுத் தானாக இயல்பு நிலைக்குத் திரும்பும். திரும்பாவிட்டால், மின் இணைப்பைப் பிடுங்கிவிட்டு, பலகையில் உள்ள, பயாஸ் அமைப்புகளை அழிக்கும் சிமாஸ் ஜம்பரைச் சில நொடிகள் இணைத்து எடுக்க வேண்டும். ஜம்பர் கைக்கு எட்டவில்லை என்றால் வட்ட பேட்டரியைக் கழற்றிச் சில நிமிடம் காத்திருந்து மாட்டலாம். பிறகு மல்டிப்ளையரை ஒரு படி இறக்கித் தொடங்குங்கள். இந்த அறிகுறியில் ஆராய்வதற்கு வேறொன்றும் இல்லை.

அறிகுறி: சுமை கொடுத்த சில நொடிகளில் நீலத்திரை

திரையில் "க்ளாக் வாட்ச்டாக் டைம்அவுட்" என்றோ "டபிள்யூஹெச்இஏ அன்கரெக்டபிள் எரர்" என்றோ வந்தால், கோர் மின்னழுத்தம் போதவில்லை என்பதே முதல் சந்தேகம். பழைய விண்டோஸில் இவையே 101 என்றும் 124 என்றும் முடியும் எண்களாக வந்தன. முன்னது ஒரு கோர் குறித்த நேரத்துக்குள் பதில் தராமல் உறைந்துவிட்டதைச் சொல்கிறது. பின்னது, திருத்த முடியாத வன்பொருள் பிழை ஒன்றைச் சிப்பே பிடித்துப் புகார் செய்திருப்பதைச் சொல்கிறது.

ஏற்றுவதற்கு முன் ஒன்றைப் பாருங்கள். நீங்கள் பயாஸில் எழுதிய எண்ணும், சுமையில் சிப்புக்குப் போய்ச் சேரும் எண்ணும் ஒன்றல்ல. சென்சார் அளவுகளைக் காட்டும் ஹெச்டபிள்யூஇன்ஃபோ மென்பொருளைத் திறந்துவைத்துச் சோதனையை ஓட்டினால் இது கண்ணெதிரே தெரியும். பயாஸில் 1.300 வைத்த ஒரு கணினியில், சும்மா இருக்கும்போது 1.296, சினிபெஞ்ச் என்ற வேகச் சோதனை ஓடும்போது 1.248, பிரைம்95 என்ற கடும் சுமைச் சோதனையின் ஸ்மால் எஃப்எஃப்டி பிரிவு ஓடும்போது 1.216 என்று நான் குறித்திருக்கிறேன். ஆகவே அந்தச் சிப் தோற்றது 1.300-இல் அல்ல, 1.216-இல். உங்கள் தாளில் எழுத வேண்டியது இந்த இரண்டாவது எண்ணைத்தான். பலகையில் "விஆர் வி-அவுட்" (மின்சுற்றின் வெளியீட்டு மின்னழுத்தம்) என்ற அளவீடு கிடைத்தால் அதைப் பாருங்கள். சாக்கெட்டுக்கு வெளியே அளக்கும் சென்சார்கள் உண்மையைவிடச் சற்றுக் கூட்டிக் காட்டுவது உண்டு.

இந்த இறக்கம் கோளாறு அல்ல. மின்சாரம் கூடக்கூட மின்னழுத்தம் இறங்கும்படியே மின்சுற்று வடிவமைக்கப்பட்டிருக்கிறது. ஒரு மில்லி ஓம் அளவுக்கு இறக்கம் வைத்திருந்தால், 100 ஆம்பியர் இழுக்கும்போது 0.1 வோல்ட் குறையும். சுமை சட்டென்று விலகும் கணத்தில் மின்னழுத்தம் மேலே துள்ளும். முன்பே தாழ்ந்திருந்தால் அந்தத் துள்ளல் ஆபத்தான உயரத்துக்குப் போகாது. லோட்-லைன் காலிபரேஷன், சுருக்கமாக எல்எல்சி, இந்த இறக்கத்தை மட்டுப்படுத்தும் அமைப்பு. அதை உச்சத்தில் வைத்தால் மென்பொருளில் கோடு நேராகத் தெரியும். மனதுக்கு நிறைவாகவும் இருக்கும். ஆனால் அந்த மென்பொருள் ஒன்றிரண்டு நொடிக்கு ஒருமுறைதான் எட்டிப் பார்க்கிறது. மைக்ரோ நொடிகளில் நடக்கும் துள்ளலும் பள்ளமும் அதன் கண்ணில் படுவதே இல்லை, சிப்போ இரண்டையும் வாங்கிக்கொள்கிறது. நான் நடு அளவிலோ அதற்கு ஒரு படி மேலோதான் வைப்பேன். அதற்கு மேல் தேவைப்பட்டால் பயாஸ் எண்ணைக் கூட்டுவேனே தவிர எல்எல்சியை இறுக்க மாட்டேன். எண்களின் திசையில் ஏமாந்துவிட வேண்டாம்: அசுஸ் பலகைகளில் எண் கூடக்கூட இறுக்கம் கூடும், எம்எஸ்ஐ, அஸ்ராக் பலகைகளில் 1 என்பதே மிக இறுக்கமான நிலை.

எல்எல்சியை ஓரிடத்தில் நிறுத்திய பிறகு, 0.010 முதல் 0.015 வோல்ட் வரையான படிகளில் ஏற்றுங்கள்.

அறிகுறி: நீலத்திரை இல்லை, ஆனால் பிரைம்95-இல் ஒரு வரிசை மட்டும் நின்றுவிடுகிறது

சாளரத்தில் "ரவுண்டிங் 0.5 வந்தது, 0.4-க்குக் குறைவாக எதிர்பார்க்கப்பட்டது" என்ற பொருளில் ஒரு வரி வந்து, அந்த வொர்க்கர் (தனியே ஓடும் ஒரு கணக்கு வரிசை) மட்டும் நின்றிருக்கும், மற்றவை ஓடிக்கொண்டிருக்கும். கணினி ஓடத்தான் செய்கிறதே என்று இதைத் தள்ளிவிடுபவர்கள் உண்டு. சிப் ஒரு கணக்கைத் தவறாகப் போட்டிருக்கிறது. சோதனை மென்பொருளுக்கு விடை முன்பே தெரியும் என்பதால் பிடித்துவிட்டது. அதே தவறு நீங்கள் ஒரு கோப்பைச் சுருக்கும்போது நடந்தால் பிடிக்க ஆளில்லை.

நின்ற வொர்க்கரின் எண்ணைக் குறித்துக்கொண்டு மீண்டும் ஓட்டுங்கள். ஒவ்வொரு தடவையும் அதே எண் நின்றால், அதுவே இந்தச் சிப்பின் நோஞ்சான் கோர். நிலையான மின்னழுத்த முறையில் ஆறு கோர்களும் அந்த ஒன்றுக்காகவே கூடுதல் மின்னழுத்தத்தைச் சுமக்க வேண்டியிருக்கும். பெரும்பாலும் 0.010 முதல் 0.020 வோல்ட்டில் தீர்ந்துவிடும். ஒவ்வொரு தடவையும் வேறு வேறு எண் நின்றால், அதுவும் ரேமையும் சேர்த்துச் சோதிக்கும் பிளெண்ட் பிரிவில் மட்டும் நின்றால், கோர் மின்னழுத்தத்தை விட்டுவிட்டு ரேம் பக்கம் திரும்புங்கள்.

அறிகுறி: சினிபெஞ்சும் விளையாட்டுகளும் ஓடுகின்றன, பிரைம்95 மட்டும் உடனே சரிகிறது

ஏவிஎக்ஸ் கட்டளைகள் காரணமாக இருக்கலாம். அவை ஒரே சுற்றில் அதிகத் தரவைக் கையாள்வதால் மின்சாரம் அதிகம் இழுக்கும், மின்னழுத்தம் அதிகம் இறங்கும், சூடும் கூடும். ஏவிஎக்ஸை அணைத்து ஒரு தடவையும், அணைக்காமல் ஒரு தடவையும் ஓட்டிப் பாருங்கள். பிரைம்95-இன் பழைய 26.6 பதிப்பில் ஏவிஎக்ஸே கிடையாது. புதிய பதிப்புகளில் சோதனை தொடங்கும் பெட்டியிலேயே அதை அணைக்க இடம் இருக்கிறது. முதல் ஓட்டம் தேறி இரண்டாவது தோற்றால், பயாஸில் ஏவிஎக்ஸ் ஆஃப்செட்டை 2 என்று வையுங்கள். அந்தக் கட்டளைகள் வரும்போது மட்டும் மல்டிப்ளையர் 48-க்கு இறங்கிக்கொள்ளும். வெறும் பிரைம்95-ஐ வெல்வதற்காக மொத்தக் கணினியையும் 0.05 வோல்ட் மேலே ஓட்டுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. ஆனால் வீடியோ மாற்றம் போன்ற வேலைகளிலும் ஏவிஎக்ஸ் புழங்குவதால், அந்தச் சோதனையையே தவிர்த்துவிடுவதிலும் உடன்பாடு இல்லை.

அறிகுறி: எல்லாச் சோதனையும் தேறிவிட்டது, சும்மா இருக்கும்போது உறைகிறது

இந்த அறிகுறிதான் ஆளைப் பாடாய்ப் படுத்தும். என் சொந்தக் கணினியே இதில் மாட்டியது. ஆறு மணி நேரச் சோதனையில் ஒரு பிழைகூட இல்லை. இரவில் ஒரு பெரிய கோப்பை இறக்கவிட்டுத் தூங்கப் போனால், காலையில் கடிகாரம் இரண்டே கால் மணியில் நின்றிருக்கும். மவுஸ் அசையாது, நீலத்திரையும் இல்லை. மூன்று இரவுகள் இப்படியே கழிந்தன. நானும் மற்றவர்களைப் போலவே சுமை மின்னழுத்தத்தை ஏற்றினேன், ஒன்றும் மாறவில்லை.

காரணம் ஆஃப்செட் முறை. சிப் தன் அட்டவணைப்படி கேட்கும் மின்னழுத்தத்தோடு ஓர் எண்ணைக் கூட்டும் அல்லது கழிக்கும் முறை அது. அப்போது நான் நிலையான மின்னழுத்தத்திலிருந்து ஆஃப்செட்டுக்கு மாறியிருந்தேன், எல்எல்சியை இறுக்கி வைத்திருந்தேன். இறுக்கியதால் சுமையில் மின்னழுத்தம் தேவைக்கு மேல் நின்றது, அதைக் கீழே கொண்டுவர ஆஃப்செட்டை கழித்தல் 0.060 ஆக்கியிருந்தேன். சுமையில் எண் அழகாக வந்தது. ஆனால் ஆஃப்செட் என்பது உச்ச வேகத்துக்கு மட்டும் பொருந்துவதல்ல. 800 மெகாஹெர்ட்ஸில் தூங்கும் சிப்பின் மின்னழுத்தத்திலிருந்தும் அதே 0.060 கழிந்தது. இறுக்கமான எல்எல்சி தரும் உதவி சுமை இருக்கும்போதுதான். சும்மா இருக்கும்போது இழுக்கும் மின்சாரமே சொற்பம் என்பதால் கழிந்தது கழிந்ததுதான். எல்எல்சியை ஒரு படி தளர்த்தி, ஆஃப்செட்டை கழித்தல் 0.030-க்கு உயர்த்தினேன். சுமையில் அதே பழைய எண், சும்மா இருக்கும்போது 0.030 வோல்ட் கூடுதல். உறைவு நின்றுவிட்டது.

உங்களுக்கும் இது நடந்தால், முதலில் நிலையான மின்னழுத்தத்துக்குத் திரும்பி ஓரிரவு விட்டுப் பாருங்கள். உறையவில்லை என்றால் சந்தேகம் உறுதி. அடாப்டிவ் முறை இருந்தால் அதற்கு மாறுவது நல்லது. அதில் நீங்கள் தரும் எண் டர்போ எனப்படும் உச்ச வேகங்களுக்கு மட்டும் பொருந்தும், கீழ் வேகங்கள் சிப்பின் சொந்த அட்டவணைப்படி நடக்கும். நிலையான மின்னழுத்தத்திலும் உறைந்தால், சும்மா இருக்கும் கோர்களைத் தூங்கவைக்கும் சி-ஸ்டேட்டுகளை அணைத்துப் பாருங்கள். அணைத்தவுடன் தீர்ந்தால், தூக்கத்திலிருந்து முழு வேகத்துக்குத் தாவும் அந்தக் கணத்தில்தான் சிப் தடுமாறுகிறது, அப்போது 0.010 வோல்ட் ஏற்றிவிட்டு சி-ஸ்டேட்டுகளைத் திரும்பப் போட்டுக்கொள்ளலாம்.

ஏஎம்டியின் ரைசன் 5000 வரிசையில், ஒவ்வொரு கோரின் மின்னழுத்தத்தையும் தனியே குறைக்கும் கர்வ் ஆப்டிமைசர் வைத்திருப்பவர்களுக்கும் இதே கதை வேறு வடிவில் வரும். கழித்தல் 30 வரை இறங்கலாம், ஒரு எண்ணுக்கு ஏறத்தாழ 3 முதல் 5 மில்லி வோல்ட். எல்லாக் கோர்களும் சுமையில் இருக்கும்போது வேகம் குறைவு என்பதால் எதுவும் நடக்காது. உலாவியில் ஒரு பக்கத்தைத் திறக்கும்போது, ஒற்றைக் கோர் உச்ச வேகத்துக்குப் பாயும்போதுதான் மறுதொடக்கம் ஆகும். கோர் ஒவ்வொன்றையும் தனித்தனியே, ஒற்றை த்ரெட்டில் சோதிக்க வேண்டும். தோற்ற கோருக்கு மட்டும் கழிப்பதில் 5-ஐக் குறைத்தால் (கழித்தல் 30-ஐக் கழித்தல் 25 ஆக்குவதுபோல்) போதும்.

அறிகுறி: சரியவே இல்லை, ஆனால் மதிப்பெண் குறைகிறது

இதைத் தேர்ச்சி என்று எண்ணிவிடக் கூடாது. சூட்டினாலோ மின்சக்தி வரம்பினாலோ சிப் வேகத்தைக் குறைத்துக்கொண்டிருக்கலாம். 5.0 கிகாஹெர்ட்ஸ் என்று நீங்கள் நினைத்து ஓட்டிய சோதனை 4.6-இல் தேறியிருக்கும். ஹெச்டபிள்யூஇன்ஃபோவில் "தெர்மல் த்ராட்லிங்", "பவர் லிமிட் எக்சீடட்" என்ற வரிகளில் "யெஸ்" என்று ஒரு தடவை வந்திருந்தாலும் அந்த ஓட்டத்தைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

மின்னழுத்தம் தரும் சூடு அதன் இருமடிப் பெருக்கத்தில் ஏறும். 4.7 கிகாஹெர்ட்ஸ், 1.20 வோல்ட்டிலிருந்து 5.0 கிகாஹெர்ட்ஸ், 1.35 வோல்ட்டுக்குப் போனால் வேகம் சுமார் 6 விழுக்காடு கூடும். சிப் உமிழும் சூடோ சுமார் 35 விழுக்காடு கூடும். 8700கே சிப்பில் மேல்மூடிக்கும் சிலிக்கனுக்கும் இடையே இருப்பது ஈயப்பற்று அல்ல, வெறும் பேஸ்ட். அதனால் பெரிய கூலர் வாங்கினாலும் ஓரளவுக்கு மேல் பயன் தெரியாது. மூடியைப் பெயர்த்து உலோகத் திரவம் வைப்பவர்கள் இருக்கிறார்கள். நான் 100 மெகாஹெர்ட்ஸை விட்டுக்கொடுத்துவிடுவேன்.

அறிகுறி: எக்ஸ்எம்பியைப் போட்டதும் பழைய நிம்மதி போய்விட்டது

"மெமரி மேனேஜ்மென்ட்", "பேஜ் ஃபால்ட் இன் நான்பேஜ்ட் ஏரியா" என்ற நீலத்திரைகளும், ஒவ்வொரு தடவையும் வேறு வேறு பெயரில் வரும் நீலத்திரைகளும் இந்தப் பக்கத்தைக் காட்டுகின்றன. மல்டிப்ளையரை இயல்புக்கு இறக்கி, எக்ஸ்எம்பியை மட்டும் வைத்து, மெம்டெஸ்ட்86 என்ற ரேம் சோதனையைப் பென்டிரைவிலிருந்து நான்கு சுற்றுகள் ஓட்டுங்கள். இதில் தோற்றால் ரேமோ அதன் வேகமோதான் குற்றவாளி. டிடிஆர்4 ரேமின் இயல்பு மின்னழுத்தம் 1.2 வோல்ட், எக்ஸ்எம்பியில் பெரும்பாலும் 1.35 கேட்கும். பயாஸ் அதை உண்மையில் தந்திருக்கிறதா என்று பாருங்கள்.

தனித்தனியே தேறி, சேர்ந்தால் தோற்கிறது என்றால் சிப்புக்குள் இருக்கும் ரேம் கட்டுப்படுத்திக்கான இரண்டு மின்னழுத்தங்களைக் கவனிக்க வேண்டும்: விசிசிஎஸ்ஏ, விசிசிஐஓ. தானியங்கி நிலையில் விட்டால் பல பலகைகள் இவற்றைத் தேவைக்கு மேல் ஏற்றிவிடுகின்றன. நான் முன்னதை 1.20-க்கும் பின்னதை 1.15-க்கும் கையால் வைத்துத் தொடங்குவேன், 1.25-ஐத் தாண்ட மாட்டேன். பலகையின் தானியங்கியை நம்பக் கூடாது என்பதற்கு 2023-இல் ரைசன் 7000 வரிசையில் நடந்ததே சாட்சி: சில எக்ஸ்3டி சிப்புகள் சாக்கெட்டோடு கருகிய பிறகு, ஏஎம்டி நிறுவனம் ரேம் கட்டுப்படுத்திக்குப் போகும் எஸ்ஓசி மின்னழுத்தத்துக்கு 1.3 வோல்ட் என்று உச்சவரம்பு போட்டது.

அறிகுறி: எந்தத் தொல்லையும் இல்லை, நிகழ்வுப் பதிவில் மட்டும் எச்சரிக்கை

விண்டோஸின் ஈவென்ட் வியூவரில் டபிள்யூஹெச்இஏ-லாகர் என்ற பெயரில், 19 என்ற எண்ணுடன் மஞ்சள் குறிகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். சிப் ஒரு பிழையைக் கண்டுபிடித்துத் தானே திருத்திக்கொண்டது என்பது அதன் பொருள். இன்று திருத்தியது நாளை திருத்த முடியாததாகும். 0.010 வோல்ட் ஏற்றிவிட்டு, ஒரு வாரம் கழித்து மீண்டும் அதே இடத்தில் பாருங்கள். இதே பதிவில் கெர்னல்-பவர் 41 என்று வருவதைக் கண்டு மின்வழங்கியைக் குறைசொல்ல வேண்டாம். கணினி முறையாக அணைக்கப்படாமல் மீண்டும் தொடங்கியது என்பதற்கு மேல் அது எதையும் சொல்வதில்லை.

அறிகுறி: மாதக்கணக்கில் ஒழுங்காக ஓடியது, இப்போது சரிகிறது

முதலில் அறையின் வெப்பத்தைக் கணக்கில் எடுங்கள். மார்கழியில் சோதித்துத் தேறிய கணினி சித்திரையில் பத்து டிகிரிக்கு மேல் கூடுதல் சூட்டில் ஓடும். சிப் சூடாக இருக்கும்போது அதே வேகத்துக்குச் சற்றுக் கூடுதல் மின்னழுத்தம் கேட்கும். சென்னைக்காரர்கள் இறுதிச் சோதனையை மே மாத மதியத்தில், ஏசி போடாமல் செய்வது நல்லது. அடுத்து ஹீட்சிங்க்கின் தூசியையும் உலர்ந்துபோன பேஸ்ட்டையும் பாருங்கள்.

இவை எல்லாம் சரியாக இருந்தும், முன்பு 1.270-இல் நின்ற சிப் இப்போது 1.290 கேட்டால், அது தேய்ந்திருக்கிறது. அதிக மின்னழுத்தமும் அதிகச் சூடும் சேர்ந்து டிரான்சிஸ்டர்களை மெல்ல மெல்ல முதுமையாக்கும். ஓவர்க்ளாக் செய்யாதவர்களுக்கும் இது நேர்ந்திருக்கிறது. இன்டெலின் 13, 14-ஆம் தலைமுறை டெஸ்க்டாப் சிப்புகள் அளவுக்கு மீறிய மின்னழுத்தத்தால் நிலைகுலைந்ததை அந்த நிறுவனமே 2024-இல் ஒப்புக்கொண்டு, 1.55 வோல்ட்டுக்கு மேல் சிப் கேட்கவிடாமல் தடுக்கும் மைக்ரோகோடை (சிப்பின் உள்நிரல்) ஆகஸ்டில் வெளியிட்டது, உத்தரவாதத்தையும் இரண்டு ஆண்டு நீட்டித்தது. அந்தத் தலைமுறைச் சிப் வைத்திருப்பவர்கள் பயாஸைப் புதுப்பித்து, இயல்பு அமைப்பில் சோதித்துத் தேறிய பிறகே மேலே சொன்ன எதையும் தொட வேண்டும். இயல்பு அமைப்பிலேயே தோற்றால் உத்தரவாதத்தில் மாற்றிக்கொள்வதே வழி. தேய்ந்த 8700கே சிப்புக்கு மின்னழுத்தத்தை ஏற்றிக்கொடுத்தால் தேய்மானம் இன்னும் விரையும். மல்டிப்ளையரை 49-க்கு இறக்குங்கள்.

அறிகுறி: இயல்பு வேகத்துக்குத் திரும்பிய பிறகும் நீலத்திரை

இதைக் கண்டு சிப் போய்விட்டது என்று பதறுபவர்கள் அதிகம். இத்தனை சரிவுகளின் நடுவில் விண்டோஸின் சொந்தக் கோப்புகள் சில பாழாகியிருக்கலாம். நிர்வாகி உரிமையுடன் கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து, எஸ்எஃப்சி ஸ்கேன்நவ் (sfc /scannow) கட்டளையை ஓட்டுங்கள். பழுதைச் சரிசெய்ததாகச் சொன்னால் மறுதொடக்கம் செய்து இன்னொரு முறை ஓட்டுங்கள். பழுதே இல்லை என்று சொல்லும் வரை புதிய எண் எதையும் பயாஸில் எழுத வேண்டாம், ஏனென்றால் அதற்குப் பின் வரும் நீலத்திரை சிப்பினுடையதா கோப்பினுடையதா என்று பிரிக்க முடியாது.